64 ஒலிநாடாக்களும் 3 துண்டுகளும்



பெரிய கணினிக் கோப்புகளைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்ளும் 'டொரண்ட்' முறையை நீங்கள் அறிந்திருக்கலாம். நீங்கள் அறியாவிட்டாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அவர்களில் சிலர் ஒரு விந்தையான தொல்லைக்கு ஆளாகியிருப்பார்கள். இரவெல்லாம் இறக்கிய கோப்பு 100 விழுக்காடு நிறைந்துவிட்டது என்று காலையில் கணினி அறிவிக்கும். எதற்கும் ஒரு முறை சரிபார்த்துவிடுவோம் என்று கட்டளையிட்டால் 99.6 என்று கையை விரிக்கும். குறைந்ததை மீண்டும் இறக்கிச் சரிபார்த்தால் 99.8 என்னும். மூன்றாம் முறை 99.7 என்னும். கூடாமலும் குறையாமலும் நிற்காத இந்தக் கணக்கைக் கண்டு வெறுத்துப்போய், 'இணையம் சரியில்லை' என்று சொல்லி விட்டுவிடுகிறவர்களே மிகுதி. பெரும்பாலான வேளைகளில் குற்றவாளி இணையம் அன்று. எங்கள் குடும்பத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இந்தத் தொல்லை நீடித்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்ற கதையை உங்களோடு பகிர்ந்துகொள்வது, வீட்டுப் படங்களையும் குரல்களையும் கணினியில் வைத்துப் போற்றுகிற எல்லோருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

டொரண்ட் என்றவுடன் திருட்டுத் திரைப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பது எந்த வழியில் எடுத்தாலும் தவறுதான். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் முறையின் மீது பழியில்லை. பிராம் கோஹன் என்னும் அமெரிக்க நிரலாளர் 2001-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். டெபியன், உபுண்டு முதலிய இலவச லினக்ஸ் மென்பொருள்கள் இன்றும் இவ்வழியே வழங்கப்படுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் 2012 முதல் தன் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் இவ்வழியிலும் தருகிறது.

இம்முறையின் நுட்பம் எளிமையானது. பெரிய கோப்பு ஒன்றைச் சம அளவுள்ள சிறு துண்டுகளாக எண்ணிக்கொள்வார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு கணக்கின் வழியே 20 பைட் நீளமுள்ள ஓர் எண் பெறப்படும். அதனைக் கணினியாளர் 'ஹேஷ்' என்பர்; நாம் கைரேகை என்று வைத்துக்கொள்வோம். துண்டினுள் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு சுழியமோ ஒன்றோ, மாறிவிட்டாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். இந்தக் கைரேகைகளின் பட்டியலைத் தாங்கிய சிறு கோப்புதான் டொரண்ட் கோப்பு. பட்டியலைக் கையில் வைத்திருப்பவர், துண்டுகளை முன்பின் அறியாத எவரிடமிருந்தும் அஞ்சாமல் வாங்கலாம். வந்த துண்டின் ரேகை பட்டியலோடு பொருந்தினால் ஏற்பார். பொருந்தாவிட்டால் எறிந்துவிட்டு மறுபடி கேட்பார். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியை, உடன் வந்த சிட்டையில் எழுதிய எடையோடு ஒப்பிட்டு வாங்குவதைப் போன்றதே இது.

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். மர்ஹூம் வாப்பா 1979 முதல் 1991 வரை சவூதியின் தம்மாம் நகரில் வேலை பார்த்தார்கள். தொலைபேசியில் பேசுவது செலவு மிகுந்ததாகவும், முன்கூட்டிப் பதிவு செய்து காத்திருக்க வேண்டியதாகவும் இருந்த காலம் அது. காயல்பட்டினத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குக் கடிதத்தோடு ஒலிநாடாவும் வந்து சேரும். ஊர் திரும்புகிறவர் கையில் வாப்பா கொடுத்தனுப்பிய நாடாக்கள் மொத்தம் 64. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார்கள்; கிணற்றடிச் சுவரைப் பூசச் சொல்வார்கள்; உடன் தங்கியிருப்பவரின் குறட்டையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். சில நாடாக்களின் மறுபக்கத்தில் உம்மா பதில் பேசி அனுப்பி, அது சுற்றித் திரிந்து மீண்டும் எங்களிடமே வந்திருக்கிறது.

2021, 2022 ஆகிய இரண்டாண்டுகளில் இந்நாடாக்களை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினேன். குரலைச் சுருக்காமல் முழுத்தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. பிடிக்கும். 64-க்கும் சேர்த்து 40 ஜி.பி.க்குச் சற்று மேல். கைப்பேசியில் கேட்பதற்காகச் சுருக்கிய எம்.பி.3 பிரதிகளையும் உடன் வைத்தேன்; அவை 4 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. காக்கா மலேசியாவில் கிள்ளான் நகரில் இருக்கிறார்கள். தங்கை சென்னையில் இருக்கிறாள். மூன்று வீட்டிலும் முழுப் பிரதி இருக்க வேண்டும், ஒரு வீட்டில் கணினி கெட்டாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்கலாம் என்பது எங்கள் எண்ணம். 2023-இல் எங்களுக்குள் மட்டும் செல்லும்படி அமைத்து ஒரு டொரண்ட் செய்தேன். துண்டு ஒன்று 4 எம்.பி. என வைத்ததில் ஏறக்குறைய 10,500 துண்டுகள் வந்தன. முழுத்தரப் பதிவில் ஒரு துண்டு என்பது 24 விநாடி நேரக் குரல்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு? ஊருக்கு வந்து போறவங்க கையில ஒரு பென் டிரைவைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே?" என்று உம்மா கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதையும் செய்தோம். தெருவோரக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்த 512 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைக் காக்கா முன்பே அனுப்பியிருந்தார்கள். அதில் எழுதும்போது குறையேதும் சொல்லவில்லை. படிக்கும்போது பாதிக்கு மேற்பட்ட கோப்புகள் வெறும் குப்பையாக இருந்தன. உண்மைக் கொள்ளளவு 16 அல்லது 32 ஜி.பி. மட்டுமே உள்ளவற்றை 512 என்று பொய்யுரைக்கும்படி மாற்றியமைத்து விற்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நிறைந்த பிறகு எழுதப்படுபவை பழையதன் மீதே விழும். அல்லது காற்றோடு போகும். இத்தகைய தட்டில் டொரண்டை நேரடியாக இறக்கினால் சரிபார்ப்பு எத்தனை முறை செய்தாலும் தேறாது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்னும் இலவச நிரல்கள் தட்டு முழுதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக எந்தச் சேமிப்புத் தட்டை வாங்கினாலும் முதலில் இச்சோதனையைச் செய்துவிடுங்கள்.

டொரண்ட் தொடங்கி இரண்டு வாரத்தில் புகார்கள் வரலாயின. காக்காவின் கணினியில் 99.97-இல் நின்றுவிட்டது, அதற்கு மேல் நகர மறுத்தது. அதோடு, வந்த துண்டுகளில் பல பொருந்தவில்லை என்று எறியப்பட்டு 500 எம்.பி.க்கு மேல் வீணாகியிருந்தது. தங்கை வீட்டிலோ ஒரு நாள் 99.97 காட்டுவது, வாரம் ஒரு முறை சரிபார்த்தால் 98.5-க்கு இறங்கிவிடும். என் கணினியில், மூலமே இங்குதான் இருக்கிறது, சரிபார்த்தபோது 99.9 என்றது. மறுபடி பார்த்தால் 99.94. எங்கேயும் எதையும் இறக்காத, எதையும் எழுதாத கணினியில் எண்ணிக்கை கூடுவது எப்படி?

நீங்கள் இத்தகைய நிலையில் இருந்தால் எந்த நிரலையும் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் பிழையாவது அதே இடமா, வேறு வேறு இடமா? பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு சரிபார்ப்பிலும் 100-க்குக் குறைந்த கோப்புகளின் பெயரை எழுதிவைத்தேன். காக்காவையும் தங்கையையும் அவ்வாறே எழுதச் சொன்னேன். இந்த நோட்டைக் காட்டிலும் பெரிய உதவி வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கையின் பட்டியலைக் கண்டவுடனே ஒன்று புலப்பட்டது. அவள் வீட்டில் பழுதானவை யாவும் எம்.பி.3 பிரதிகள், அதிலும் குறிப்பிட்ட 11 கோப்புகளே வாரந்தோறும் வந்தன. யாரோ அவற்றைத் தொடுகிறார்கள் என்று தெரிந்தது. விசாரித்தபோது தங்கை மகன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தொலைபேசிக்கு வந்தான். "மாமா, நான் வாப்பிச்சா போட்டோவை அட்டைப்படமா வைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் தானா அழிஞ்சுபோகுது. யாரு மாமா அழிக்கிறது?" என்று அவனே என்னிடம் வழக்குத் தொடுத்தான்.

இசைக் கோப்புகளின் தலைப்பகுதியில் பெயர், படம் முதலியவற்றை எழுதி வைக்க இடமுண்டு. படத்தைச் சேர்த்தால் கோப்பின் முன்பக்கம் நீண்டு, பின்னால் உள்ள குரல் முழுதும் சில ஆயிரம் பைட்கள் தள்ளிப்போகும். குரலில் மாற்றமில்லை, காதுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் துண்டுக் கணக்கில் அந்தக் கோப்பின் எல்லாத் துண்டுகளும் பொய்யாகிவிடும். பழைய முறை டொரண்டில் ஒரு துண்டு இரு கோப்புகளின் எல்லையில் பாதி பாதியாக அமைவதுண்டு; ஆதலால் எவரும் தொடாத அடுத்த கோப்பும் சேர்ந்து பழுதானதாகக் காட்டப்படும். சரிபார்ப்பு குறையைக் கண்டு, என் கணினியிலிருந்து பழைய துண்டுகளை வரவழைத்து, பிள்ளை ஒட்டிய படத்தை அழித்துக்கொண்டிருந்தது. அவன் மறுபடி ஒட்டினான். அது மறுபடி அழித்தது. இருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள்!

கேட்பதற்கு ஒரு நகல், பகிர்வதற்கு ஒரு நகல் என்று இரண்டு தனி அறைகளில் வைத்து, பகிரும் நகலை 'படிக்க மட்டும்' என்று பூட்டியதும் அந்தக் குறை நீங்கியது. பாடல் அடுக்கும் நிரல்கள், தாமே பெயர் திருத்தும் செயலிகள், ஐயத்துக்குரியது என்று கோப்பைச் சிறைவைக்கும் வைரஸ் தடுப்பு நிரல்கள் ஆகியனவும் இதே வேலையைச் சொல்லாமல் செய்துவிடும்.

காக்காவின் குறை வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே எவரும் எதையும் தொடவில்லை. இறக்கும்போதே துண்டுகள் தவறாக வந்தன. 'வழியில் கெடுகிறது' என்று காக்கா உறுதியாகச் சொன்னார்கள். முற்றிலும் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல அது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிறிய கூட்டுத்தொகை காவலுக்கு வைக்கப்படுகிறது. ஆனால் அது 16 பிட் மட்டுமே கொண்ட எளிய காவல். ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 1,100 பொட்டலங்களுக்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை இக்காவலில் சிக்கும் அளவுக்குக் கெட்டு வந்ததாகக் கண்டார்கள். அவ்வளவு சிக்கினால் மிகச் சில தப்பியும் வரும் அல்லவா?

இதைவிடச் சுவையான கதை ஒன்றும் உண்டு. 2000-களில் வீடுகளுக்கு வந்த சில ரவுட்டர்களில் கணினி விளையாட்டுகளுக்கென்று ஒரு தனி ஏற்பாடு இருந்தது. அதை இயக்கினால், கடந்து செல்லும் தரவுக்குள் வீட்டின் இணைய முகவரியைக் குறிக்கும் நான்கு பைட்கள் எங்கே தென்பட்டாலும் அவற்றை உள்வீட்டு முகவரியாக மாற்றிவிடும். விளையாட்டுக்கு அது நன்மை. டொரண்டுக்கு நஞ்சு. ஏனெனில் அந்த நான்கு பைட்கள் முகவரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு படத்தின் நிறமாகவோ பாட்டின் ஒலியாகவோ இருக்கலாம். ஒழுங்கற்ற தரவில் குறிப்பிட்ட நான்கு பைட்கள் சராசரியாக 4.3 ஜி.பி.க்கு ஒரு முறை தற்செயலாக வரும். மாற்றியபின் ரவுட்டரே கூட்டுத்தொகையையும் திருத்தி எழுதிவிடுவதால் காவலும் ஏமாந்துபோகும். எந்த வழியாக எத்தனை முறை இறக்கினாலும் அதே துண்டு அதே இடத்தில் கெட்டு வரும். அந்த ஏற்பாட்டை நிறுத்தினால், அல்லது டொரண்ட் நிரலில் மறையாக்கத்தை இயக்கினால், நோய் தீரும்; மறையாக்கினால் அந்த நான்கு பைட்களை ரவுட்டரால் அடையாளம் காண முடியாது.

காக்கா மறையாக்கத்தை இயக்கிப் பார்த்தார்கள். பயனில்லை. அவர்கள் நோட்டில் வீணான துண்டுகள் இன்றொரு கோப்பில், நாளை வேறொரு கோப்பில் என்று அலைந்தன. மூன்று நாடாக்கள் மட்டும் (17, 38, 59) எல்லா நாளும் இருந்தன. அந்த மூன்றின் பொருள் அப்போது விளங்கவில்லை. ஆனால் தங்கையின் கணினியும் இறக்கும்போது இதே போல் துண்டுகளை எறிந்தது என்பது முக்கியமான செய்தி. வெவ்வேறு நாடு, வெவ்வேறு இணைய நிறுவனம், வெவ்வேறு கணினி. இருவருக்கும் பொதுவானது நான் மட்டுமே. இதற்கிடையில் காக்காவின் நிரல், கெட்ட துண்டுகளைத் தொடர்ந்து அனுப்பும் தீயவர் என்று முடிவுகட்டி என் வீட்டு முகவரியையே தடைசெய்துவிட்டது. நஞ்சு கலந்த துண்டுகளை வேண்டுமென்றே அனுப்புகிறவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. "உன் தம்பியையே வாசல்ல நிறுத்திப்புட்டுதே!" என்று உம்மா காக்காவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆகவே என் கணினியைத் துருவ வேண்டியதாயிற்று. முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகித்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலில் மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள் சுழியம். படிக்க முடியாமல் காத்திருப்பவை சுழியம். கேபிள் பழுதைக் காட்டும் பிழை எண்ணும் ஏறவில்லை. டிஸ்க் பழுதானால் பெரும்பாலும் 'படிக்க முடியவில்லை' என்று அது வெளிப்படையாகச் சொல்லும். தவறான தரவைச் சரியானது போல் நீட்டுவது அரிது. அலைகிற பிழை டிஸ்க்கின் குணம் அன்று.

அலைவது ரேமின் குணம். டிஸ்க்கிலிருந்து படிக்கப்படும் எதுவும் முதலில் ரேம் என்னும் நினைவகத்தில் வைக்கப்பட்டு, பிறகே வேண்டிய இடத்துக்குச் செல்கிறது. நினைவகத்தின் கோடிக்கணக்கான அறைகளில் ஓர் அறை பழுதாகிவிட்டது என்று கொள்ளுங்கள். அந்த அறையில் இன்று 12-ஆம் நாடாவின் துண்டு வந்து தங்கும். நாளை 45-ஆம் நாடாவின் துண்டு தங்கும். அறை ஒன்றே, தங்குகிறவர் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆகவே டிஸ்க்கில் உள்ள கோப்பு பத்திரமாக இருக்க, படிக்கும்போது மட்டும் அது கெட்டுத் தோன்றும். மற்ற வேலைகளில் இது தெரியாமல் போவது ஏன் என்று கேட்கலாம். ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கவனிப்பார்? பைட் பைட்டாக ரேகை எடுத்து ஒப்பிடும் வேலையை டொரண்ட் போன்ற சில நிரல்களே செய்கின்றன. காய்ச்சலைக் கண்டுசொன்ன வெப்பமானியைக் குறைகூறிக்கொண்டிருந்தோம்.

இது அரிய நோயுமன்று. கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான அறிக்கை, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ரேம் தகடுகள் பிழைக்கு ஆளாவதாகக் கூறியது. பெரிய நிறுவனங்கள் பிழையைத் தானே திருத்தும் வகை ரேமைப் பயன்படுத்துகின்றன. நம் வீட்டுக் கணினிகளில் பொதுவாக அது இருப்பதில்லை.

மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே துவக்கி, இரவு உணவுக்குப் பின் ஓடவிட்டேன். விண்டோஸ் உறங்கிக்கிடக்க, இது நினைவகம் முழுதும் எழுதி எழுதிப் படிக்கும். அவசரப்பட்டு ஒரு சுற்றில் நிறுத்திவிடக் கூடாது. சில பழுதுகள் சூடேறிய பிறகே வெளிப்படும். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது திரையில் சிவப்பு வரிகள் ஏழு. ஏழிலும் ஒரே முகவரி, ஒரே பிட். இரண்டு தகடுகளில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் இரண்டாவது தகடுதான் என்று தெளிவாயிற்று. அதை எடுத்துவிட்டேன்.

எடுத்தபின் சரிபார்த்தேன்: 99.97. மறுபடி: 99.97. மூன்றாம் முறையும் அதுவே. அலைச்சல் நின்றுவிட்டது, நின்ற இடம் மட்டும் 100 இல்லை. நோட்டைப் புரட்டினால் அதே மூன்று நாடாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. காக்காவின் கணினி நின்றுபோன இடமும் இதுவே.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். பட்டியலோடு பொருள் பொருந்தவில்லை என்றால் பொருள்தான் தவறு என்று எடுத்துக்கொள்கிறோம். பட்டியலே தவறாக எழுதப்பட்டிருந்தால்? 2023-இல் டொரண்ட் செய்தபோது அந்தப் பழுதான தகடு கணினிக்குள்தான் இருந்தது. 10,500 துண்டுகளுக்கும் ரேகை எடுத்த அந்த நேரத்தில் மூன்று துண்டுகள் பழுதான அறையில் தங்கியிருக்கின்றன. அவற்றின் கெட்ட உருவத்துக்கு ரேகை எடுக்கப்பட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது. பிறகு நான் நல்ல துண்டை அனுப்பினாலும் உலகில் எந்தக் கணினியும் அதை ஏற்காது. பதிவு செய்த காலத்தில் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து அலமாரியில் வைத்திருந்த பிரதியை எடுத்து ஒப்பிட்டேன். மூன்று இடங்களிலும் இரண்டு பிரதிகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தன. பொருள் மாறவில்லை, பட்டியல்தான் பிறவியிலேயே பிழை.

புதிய டொரண்ட் ஒன்றைச் செய்து அனுப்பினேன். இம்முறை ரேகைகளை இரண்டு முறை எடுத்து ஒப்பிட்ட பிறகே அனுப்பினேன். முன்போல அதே அளவுத் துண்டு, அதே கோப்பு வரிசை. காக்கா பழைய கோப்புகள் இருந்த அதே அறையைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார்கள். மூன்றே துண்டுகள், 12 எம்.பி., அரை நிமிடத்தில் வந்து சேர்ந்தன. 100 என்றது. மூன்று நாள் கழித்தும் 100 என்றது. இப்போது இரண்டாம் பதிப்பு டொரண்ட் முறை ஒன்றும் இருக்கிறது. அது 20 பைட் ரேகைக்குப் பதிலாக 32 பைட் ரேகையைப் பயன்படுத்துகிறது. பழைய ரேகைக் கணக்கான ஷா-1-ஐ ஏமாற்றி, வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே ரேகை வரச் செய்யலாம் என்று 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் செய்துகாட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். அது சூழ்ச்சிக்காரரைப் பற்றிய கவலை. தற்செயலாக நேரும் பழுதைக் கண்டுபிடிக்கப் பழைய ரேகையே போதும். புதிய முறையின் உண்மையான வசதி, 4 எம்.பி. துண்டு முழுதையும் எறியாமல் 16 கே.பி. அளவிலேயே எது கெட்டது என்று சுட்டிவிடுவது.

இத்துடன் தொழில்நுட்பக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனெனில் இந்தச் சரிபார்ப்பு முழுதும் சொல்வது, 'என்னிடம் உள்ளதும் உன்னிடம் உள்ளதும் ஒன்றே' என்பதை மட்டும்தான். என்னிடம் உள்ளது சரியா என்பதை அது அறியாது. நாடாவிலிருந்து குரலை ஏற்றும்போதே அந்தப் பழுதான அறையில் வாப்பாவின் ஒரு சொல் தங்கியிருந்தால், அந்தக் கெட்ட உருவம்தான் டிஸ்க்கிலும் வெளி டிஸ்க்கிலும் கிள்ளானிலும் சென்னையிலும் 100 விழுக்காடு ஒத்திருக்கும்.

ரேம் வாங்கிய ரசீதைத் தேடினேன். கணினியின் கூடவே வந்தது ஒரு தகடு. இரண்டாவதைப் பிற்பாடு வாங்கிச் சேர்த்தேன். ரசீதில் 2022 மார்ச் என்றிருந்தது. பதிவுக் குறிப்பேட்டின்படி அதற்கு முன் 41 நாடாக்கள் ஏறிவிட்டன. ஐயத்துக்கு உரியவை 23. நாடாவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பதிந்து கணினியிலேயே ஒப்பிடலாம் என்றால், நாடா இரண்டு முறை ஒரே மாதிரி ஓடாது. வேகம் சற்றே மாறினாலும் ஒரு பைட்கூடப் பொருந்தாது. காதால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு விநாடிக் குரல் 44,100 அளவீடுகளாகப் பதியப்படுகிறது. அவற்றில் ஒன்றில் சிறிய பிட் மாறினால் எந்தக் காதுக்கும் தெரியாது. பெரிய பிட் மாறினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

உம்மாவுக்கு 78 வயது. நான் மட்டும் தனியே கேட்பது முறையாகப் படவில்லை. உடன் அமரச் சொன்னேன். இரவில் ஒரு மணி நேரம் வீதம் 23 இரவுகள். உம்மா சத்தத்தைத் தேடவில்லை. அவர்கள் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கிணத்தடிச் சுவரைப் பூசியாச்சு," என்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கேள்விக்கு விடை போயிற்று. பதினோராவது இரவில், 52-ஆம் நாடாவில், வாப்பா உம்மாவின் பெயரைச் சொல்லி நிறுத்திய இடத்தில் தெளிவாக ஒரு 'டிக்' கேட்டது. என் நெஞ்சு துணுக்குற்றது. உம்மா அசையவில்லை. "அது எப்பவும் உள்ளதுதான். பேச முடியாம வந்தா பட்டனை அமுக்கி நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவாங்க," என்றார்கள்.

மறுநாள் பழைய டேப் ரிக்கார்டரில் அந்த நாடாவையே போட்டுக் கேட்டேன். அதே இடத்தில் அதே சத்தம் இருந்தது.

வேறெங்கும் ஐயப்படும்படியான ஒலி எதுவும் காதில் படவில்லை. 23-இல் இரண்டு நாடாக்கள் பதிவு செய்த பின்னர் பிசுபிசுத்துச் சுருளோடு ஒட்டிப்போய்விட்டன. அவற்றை இனி ஓட்ட இயலாது. அவ்விரண்டைப் பொறுத்தவரை என் காதும் உம்மாவின் நினைவுமே சாட்சி. மற்ற 21-ஐயும் வேறு கணினியில் இன்னொரு முறை ஏற்றிவருகிறேன். இதுவரை ஒன்பது முடிந்தன. கடைக்காரர் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்த அந்தத் தகட்டை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தார். அதைக் கணினியில் பொருத்தி, எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் ஓர் இரவும் ஒரு பகலும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். சிவப்பு வரி ஒன்றும் வரவில்லை.